குளிர்காலத்தில் பழுதடைந்த சாலையில் மோட்டார் சைக்கிள்: விறைத்த விரல்களும் பிடிமானம் குறைந்த டயரும்

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எட்டு ஆண்டுகளாக நாள்தோறும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குச் சென்று வருகிறேன். ஒரு பக்கத்துக்கு 42 கி.மீ. பயணம். இப்போது காலைப் பணி என்பதால் விடிவதற்கு வெகு முன்பே கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வெப்பநிலை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. முதல் முப்பது கிலோமீட்டர் ஓரளவு நல்ல சாலை. எஞ்சிய பகுதி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு மேடும் பள்ளமுமாக மாறிவிட்டது. பள்ளங்களைச் சுற்றி எப்போதும் சரளைக்கல் சிதறிக் கிடக்கும். வண்டி 200 சி.சி., ஒற்றை சிலிண்டர், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு.

சென்ற வாரம் விழுந்துவிட்டேன். தோளில் சிராய்ப்பும் வீக்கமும்தான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது நடந்த விதம் என்னை விடாமல் உறுத்துகிறது. பள்ளம் எப்போதும் கண்ணில் படும் தொலைவிலேயே கண்ணில் பட்டது. பிரேக் பிடிக்க வேண்டும் என்று மனம் சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. முன்பிரேக் லீவரின் மேல் இரண்டு விரல்கள் தயாராக இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; ஆனால் அவை ஆக்சிலரேட்டர் பிடியைச் சுற்றிக்கொண்டு விறைத்துப் போயிருந்தன. அவற்றை நீட்டி, லீவரைப் பற்றி, மடக்குவதற்குள் பள்ளம் காலடிக்கு வந்துவிட்டது. பிறகு பிரேக் பிடித்தபோது அளவு தெரியாமல் ஒரேயடியாகப் பிடித்துவிட்டேன். சரளையில் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் முப்பதுக்குள்தான் இருந்திருக்கும்.

கோடையில் இதே சாலையில், இதே வண்டியில், இதைவிட வேகமாகச் சென்றும் ஒரு முறைகூடத் தடுமாறியதில்லை. அப்படியானால் என் திறமை எங்கே போயிற்று? கைகளைச் சூடாக வைத்துக்கொள்ள உண்மையில் எது பயன்படுகிறது, குளிரில் டயரின் காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டுமா, ஏ.பி.எஸ்.ஸை எந்த அளவுக்கு நம்பலாம், உடைந்த சாலையில் எழுந்து நின்று ஓட்டுவது சரியா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். பேருந்தில் போகலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பேருந்து கிடையாது.

மறுமொழி 1

நண்பரே, பெரிய காயம் இல்லாமல் தப்பியது நிம்மதி. உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பள்ளத்தைக் கண்டது கண், முடிவெடுத்தது மூளை, இரண்டும் சரியாகவே வேலை செய்தன. விரல்கள்தான் வரவில்லை. உங்கள் திறமை எங்கும் போய்விடவில்லை. அது லீவர் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நான் இருபது குளிர்காலங்களை இரு சக்கரத்தில் கடந்தவன். இந்த ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்வேன்: பிரேக் என்பது டிஸ்க்கும் பேடும் மட்டும் அல்ல, அதை அழுத்தும் விரலும் சேர்ந்ததுதான். டிஸ்க்கைத் துடைத்துப் பராமரிப்பவர்கள் விரலை அப்படியே குளிரில் விட்டுவிடுகிறோம்.

முதலில் காற்றின் கணக்கைப் பாருங்கள். குளிர்காற்றின் தாக்கத்தை அளக்க 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட சூத்திரத்தின்படி, 5 டிகிரியில் மணிக்கு 80 கி.மீ. வேகக் காற்று திறந்த தோலின் மீது படும்போது அது ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி போல உறைக்கிறது. அந்தக் காற்றை நீங்கள் ஒரு மணி நேரம் நெஞ்சிலும் முழங்காலிலும் கைமுட்டிகளிலும் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடப்பவருக்கு நடையே சூடு தரும். வண்டி ஓட்டுபவருக்கு அதுவும் இல்லை.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. கை குளிர்ந்தால் கையுறையை மாற்றுகிறோம், அதைவிடத் தடிமனான கையுறை வாங்குகிறோம். ஆனால் உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், இதயமும் நுரையீரலும் இருக்கும் அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதற்காக உடல் கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. சூடான இரத்தம் விரல்களுக்கு வராதபோது எவ்வளவு நல்ல கையுறையாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் கையுறை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காத்து வைக்கிறது. எனவே விரல் விறைப்பவர் முதலில் மார்பையும் கழுத்தையும் பார்க்க வேண்டும். தலைக்கவசத்துக்கும் ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டிக்கும் இடையே உள்ள இரண்டு விரல் அகல இடைவெளி வழியாக நுழையும் காற்று, உள்ளே எத்தனை உடை அணிந்திருந்தாலும் அத்தனையையும் வீணாக்கிவிடும். அதை மூடும் ஒரு துணிக்குழாய், நான் வாங்கிய பொருள்களிலேயே விலைக்கு அதிகப் பயன் தந்தது.

உடையை மூன்று அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். தோலை ஒட்டி, வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை. பருத்தி வேண்டாம், அது நனைந்தால் காய்வதில்லை, ஈரம் உடல் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் பொதபொதப்பான அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத வெளியுடை. இந்தக் கடைசி அடுக்கு இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வலையாகிவிடும். ஜாக்கெட்டுக்குள் நெஞ்சில் செய்தித்தாளைப் பரப்பிக்கொள்ளும் பழக்கம் பழைய ஓட்டுநர்களிடம் உண்டு. நானும் வழியில் அகப்பட்டுக்கொண்ட ஒரு இரவில் அப்படிச் செய்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்தது. எதையும் இறுக்கமாக அணியாதீர்கள். இரண்டு காலுறைகளைத் திணித்துப் பூட்ஸ் இறுகினால் கால் இன்னும் சீக்கிரம் குளிரும்.

கைகளுக்கு என் பரிந்துரை, ஹேண்டில்பாரின் மேலேயே மாட்டிக்கொள்ளும் பை போன்ற உறைகள்தான். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் காற்று கையைத் தொடுவதையே அவை நிறுத்திவிடுவதால், உள்ளே மெல்லிய கையுறை போட்டாலே போதும், லீவரின் உணர்வும் கெடாது. வாங்கும்போது, கையைச் சட்டென்று உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் முடிகிறதா, உறை காற்றில் மடங்கி லீவரை அழுத்துகிறதா என்று நின்ற இடத்திலேயே சோதித்துவிடுங்கள். கைப்பிடிக்கான மின்சூடாக்கியும் நல்லது, ஆனால் அது உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே விரல்களின் வெளிப்புறம் காற்றில் விறைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கவலையே இல்லை.

ஒரு சோதனையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். வழியில் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தடுமாறாமல் தொட முடியவில்லை என்றால் அந்தக் கை பிரேக்கை அளவோடு பிடிக்காது என்று பொருள். இறங்கி, இயந்திரத்தை நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்த பிறகே மீண்டும் ஏறுங்கள். உடல் நடுங்கத் தொடங்கினால் அதையும் நிறுத்தச் சொல்லும் குறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், அடி தடுமாறும், எல்லாவற்றுக்கும் மேலாக முடிவெடுக்கும் திறன் மங்கும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தான் அந்த நிலையில் இருப்பதே தெரியாது. குளிர் குறையாமல் இருக்கும்போதே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அது மிகவும் ஆபத்தான அறிகுறி. சூடேற்றிக்கொள்ள மது அருந்துவது தவறிலும் தவறு, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டையும் வெளியே அனுப்பிவிடும்.

மறுமொழி 2

முதல் நண்பர் கை பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். டயரையும் சாலையையும் பற்றி நான் எழுதுகிறேன்.

காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். தார்ச்சாலையில் ஓட்டுபவர் குறைக்கவே கூடாது. குளிர் உங்களைக் கேட்காமலேயே அதைக் குறைத்துவிட்டிருக்கும். கதகதப்பான மதியத்தில் 27 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) நிரப்பிய டயர், 7 டிகிரியில் ஏறத்தாழ 27 பி.எஸ்.ஐ. தான் காட்டும், துளி காற்றும் கசிந்திருக்காது, உள்ளிருக்கும் காற்று சுருங்கியதே காரணம். அந்த நிலையில் மேலும் இறக்கினால், வண்டி திருப்பங்களில் சோம்பலாகச் சாயும், பள்ளத்தின் விளிம்பு டயரை நசுக்கி ரிம்மைத் தொட்டுவிடும். எனவே வண்டி இரவு முழுவதும் நின்ற இடத்தில், கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல மணலிலும் சேற்றிலும் அழுத்தத்தைக் குறைப்பவர்கள் உண்டு, அங்கே வேகமும் குறைவு, கூரான விளிம்புகளும் குறைவு. உங்கள் சாலை அப்படிப்பட்டது அல்ல.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் குளிரில் இறுகும், வயதாலும் இறுகும். இரண்டும் சேரும்போது, பட்டைகள் ஆழமாகவே இருந்தாலும் டயர் சாலையின் சொரசொரப்பைப் பற்றாது. பந்தயத் தன்மையுள்ள டயர்கள் சூடேறினால்தான் பிடிக்கும், உங்கள் வேகத்தில், இந்தக் குளிரில், அவை சூடேறவே ஏறாது. சிலிக்கா கலந்த, நெடும்பயணத்துக்கான டயர்களையோ ஈரச்சாலைக்கு என்று செய்யப்பட்டவற்றையோ தேர்ந்தெடுப்பது நல்லது. கிளம்பியதும் முதல் சில கிலோமீட்டர்களுக்குத் திருப்பங்களில் அதிகம் சாய்க்காதீர்கள்.

இனி நான் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வெப்பமானி 2 டிகிரி காட்டுகிறது என்றால் சாலையும் 2 டிகிரியில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மேகமில்லாத இரவில் சாலையின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, அதன் மேலுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காற்று உறைநிலைக்கு மேல் இருக்கும்போதே தரையில் ஈரம் உறைந்திருப்பது இதனால்தான். பல கார்களில் 3 அல்லது 4 டிகிரியிலேயே பனிக்கட்டி எச்சரிக்கை ஒளிர்வதும் இதனால்தான். பாலங்களில் நிலைமை இன்னும் மோசம். தரையில் போட்ட சாலைக்குக் கீழிருந்து மண்ணின் சூடு கிடைக்கும். பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. ஆகவே சாலை முழுவதும் ஈரமாக மட்டும் இருக்கும்போது பாலம் மட்டும் உறைந்திருக்கும். கண்ணாடி போன்ற அந்த மெல்லிய படலத்தின் வழியே தார் தெரிவதால் அதைக் கருப்புப் பனி என்கிறார்கள். நிழல் விழும் திருப்பங்களும், மரங்கள் மூடிய பகுதிகளும் அடுத்தவை. ஒரு அடையாளம் சொல்கிறேன்: முன்னே செல்லும் வாகனத்தின் சக்கரங்களிலிருந்து நீர்த்தூவல் எழுந்துகொண்டிருந்து, சாலை இன்னும் பளபளக்கும்போதே அது திடீரென்று நின்றுவிட்டால், அங்கே ஈரம் உறைந்திருக்கலாம்.

பிடிமானத்தை எண்ணில் பார்த்தால் இதன் கொடுமை புரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, உலர்ந்த தாரில் உராய்வுக் கெழு (டயர் சாலையைப் பற்றும் அளவைக் காட்டும் எண், குறையக் குறைய வழுக்கும்) 0.8 எனக் கொண்டால், பிரேக் பிடித்ததிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும். கெழு 0.4 ஆக இருக்கும் வழுக்கலான ஈரச்சாலையில் 25 மீட்டர். பனிக்கட்டியில், கெழுவை 0.1 என்று வைத்தால், 98 மீட்டர். அதே 0.1 கெழுவில் வண்டியை 6 டிகிரிக்கு மேல் சாய்த்தால் கீழே விழும். 6 டிகிரிச் சாய்வு என்பது ஓட்டுபவருக்குச் சாய்வாகவே தெரியாத அளவு. இன்னொன்று, கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை ஒட்டி மேலே நீர் கசிந்திருக்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும்.

இந்தக் கணக்கில் ஏ.பி.எஸ். எதை மாற்றும் என்று கேட்டால், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், அதுவும் பெரிய உதவிதான். மோட்டார் சைக்கிளில் மின்னணு ஏ.பி.எஸ். 1988-இல் பி.எம்.டபிள்யூ. கே100 வண்டியில் முதன்முதலாக வந்ததிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. பனியிலும் தளர்ந்த சரளையிலும் நிற்கும் தூரம் நீளத்தான் செய்யும். சாய்வை அளக்கும் உணரி இல்லாத சாதாரண ஏ.பி.எஸ்.ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பதும் தெரியாது. மேடுபள்ளத்தில் வேறொரு சிக்கல் உண்டு: சக்கரம் தரையைவிட்டு எழும்பும் கணத்தில் பிரேக்கால் அதன் சுழற்சி சட்டென்று குறைகிறது, பூட்டிக்கொண்டுவிட்டதாக எண்ணி ஏ.பி.எஸ். பிடியைத் தளர்த்துகிறது, ஓட்டுபவருக்கு ஒரு நொடி பிரேக்கே இல்லாதது போல் இருக்கும். இதை முன்பே அறிந்திருந்தால் பதறி லீவரை விட்டுவிட மாட்டீர்கள்.

பாலத்தின் மேல் போய்விட்ட பிறகு பனி இருப்பது தெரிந்தால் எதையும் செய்யாதீர்கள். பிரேக் வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூட வேண்டாம், வண்டியை நேராக வைத்துக்கொண்டு பார்வையைப் பாலத்தின் மறுமுனையில் நிறுத்துங்கள். வேகத்தைக் குறைக்கும் வேலை பாலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உறைபனி உறுதி என்று தெரிந்த காலையில் நான் வண்டியை எடுப்பதில்லை. ஜெர்மனியில் 1956 முதல் நடந்துவரும் ‘யானைகள் சந்திப்பு’ என்னும் குளிர்கால மோட்டார் சைக்கிள் கூடலுக்குப் பனியில் ஓட்டிச் செல்பவர்கள் உண்டு; அவர்களில் பலர் அதற்கென்றே பக்கப்பெட்டி இணைத்த மூன்று சக்கர வண்டிகளில் போகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. காற்றழுத்தத்தை இன்று காலை அளந்தேன். முன்டயரில் நான்கு பி.எஸ்.ஐ. குறைவாக இருந்தது. கடைசியாக நிரப்பியது இரண்டு மாதங்களுக்கு முன், நல்ல வெயிலில். டயரின் எண்ணைப் பார்த்தேன், ஏழாவது ஆண்டு நடக்கிறது. பட்டை தேயவில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். பள்ளங்களைக் கடப்பதைப் பற்றியும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பள்ளமே இல்லாத தடம் என்று ஒன்று கிடையாது.

மறுமொழி 3

குளிரும் பள்ளமும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. தாரின் விரிசலுக்குள் இறங்கிய நீர் இரவில் உறைந்து விரிசலை அகலப்படுத்துகிறது, பகலில் உருகி இன்னும் ஆழமாக இறங்குகிறது, மறுநாள் இரவு மீண்டும் உறைகிறது. பிறகு ஒரு கனரக வாகனம் ஏறியதும் அந்த இடம் பெயர்ந்துவிடுகிறது. எனவே நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும். பழகிய சாலை என்ற நம்பிக்கையைக் குளிர்காலத்தில் வைக்காதீர்கள். நான் ஒரு முறை விழுந்ததும் பத்தாண்டுகள் பழகிய சாலையில்தான்.

முதலில் உங்கள் விளக்கொளிக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைப் பாருங்கள். தாழ்ஒளி சாலையைத் தெளிவாகக் காட்டுவது 45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், கண்டது முதல் பிரேக் பிடிக்கத் தொடங்குவது வரை ஒன்றரை நொடி என்றால், அதற்குள் 21 மீட்டர் கடந்துவிடுவீர்கள். ஈரத்தில் கெழு 0.5 எனக் கொண்டால் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 41, ஒளிக்குள் அடங்குகிறது. அதே கணக்கை 80 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் 33 மீட்டரும் 50 மீட்டரும் சேர்ந்து 83 மீட்டர். அதாவது 80-இல் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத சாலையில் போய்க்கொண்டிருக்கிறார். விரல் விறைத்து ஒரு நொடி தாமதமானால் 50 கி.மீ. வேகத்திலேயே மேலும் 14 மீட்டர் கூடும், நாற்பத்தொன்று ஐம்பத்தைந்து ஆகிவிடும். நீங்கள் விழுந்ததில் இந்தக் கணக்கின் பங்கும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பள்ளத்தின் நிழல் இரவில் உங்களுக்கு உதவும். விளக்கொளி படும்போது முன்விளிம்புக்குப் பின்னால் கருப்பாகத் தெரியும். நீர் நிரம்பிய பள்ளத்தில் அந்த நிழல் கிடையாது, தட்டையாகப் பளபளக்கும். ஆழம் தெரியாத நீரை ஆழமானது என்றே கொள்ளுங்கள். லாரியின் பின்னால் ஒட்டிச் செல்லாதீர்கள். அதன் சக்கரங்களுக்கு நடுவே கடந்துபோகும் பள்ளம் உங்களுக்கு அதன் பின்பக்கத்தைத் தாண்டிய பிறகே தெரியும். உலர்ந்த சாலையில் இரண்டு நொடி இடைவெளி விடுகிறீர்கள் என்றால் இந்தச் சாலையில் நான்கு நொடி விடுங்கள். கார்களின் சக்கரங்கள் ஓடி ஓடித் துடைத்த தடத்திலேயே செல்வது நல்லது, சரளையும் மண்ணும் அந்தத் தடங்களுக்கு நடுவிலும் சாலை ஓரத்திலும்தான் ஒதுங்கும்.

பள்ளத்தைத் தவிர்க்க இடமிருந்தால் அதைப் பார்க்காதீர்கள். பார்வை எங்கே நிற்கிறதோ வண்டியும் அங்கேதான் போகும். பள்ளத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு அதற்குள் இறங்கியவர்கள் ஏராளம். அதன் பக்கத்தில் உள்ள நல்ல தரையைப் பாருங்கள். தவிர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டால், வண்டியை நிமிர்த்தி நேராக்கி, இருக்கும் தூரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகத்தைக் குறைத்து, பள்ளத்தின் விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன் முன்பிரேக்கை விட்டுவிடுங்கள். பலருக்கும் இது வராது. பிரேக் பிடித்திருக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்ந்து ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் பகுதி) அமுங்கியிருக்கும். அடியை வாங்கிக்கொள்ள அதற்கு இடமே இருக்காது, அடி முழுவதும் ரிம்முக்கும் உங்கள் மணிக்கட்டுக்கும் போகும். பிரேக்கை விட்டதும் ஃபோர்க் நிமிர்ந்துகொள்ளும். அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரை மிக லேசாகத் திறந்தால் முன்சக்கரத்தின் பாரம் இன்னும் குறையும்.

எழுந்து நிற்பதைப் பற்றி: முழுதாக நிமிர்ந்து நிற்கத் தேவையில்லை. பாதங்களைக் கால்மிதிகளில் ஊன்றி, முழங்கால்களை மடக்கி, இருக்கையிலிருந்து நான்கு விரற்கடை எழும்பினால் போதும். வண்டி உங்களுக்குக் கீழே ஆடும், உங்கள் உடல் ஆடாது. டேங்கை முழங்கால்களால் பற்றிக்கொண்டால் கைகளில் பாரம் விழாது, ஹேண்டில்பார் தானாக ஆடி நேராகிக்கொள்ள முடியும். குளிரில் தோளும் முழங்கையும் தாமாகவே இறுகிவிடுவதால், வேண்டுமென்றே அவற்றைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. நான் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போதும் மூச்சை நீளமாக விட்டுத் தோளை இறக்குவேன். பன்னிரண்டு கிலோமீட்டரும் எழும்பியே போக நினைக்காதீர்கள். காற்று நேராக நெஞ்சில் அடிக்கும், தொடை களைத்துவிடும், களைத்த கால்கள் தேவையான இடத்தில் உதவாது.

சரளையில் வண்டி இலேசாக நெளிவது இயல்புதான். அதை அடக்க முயலாமல், வேகத்தைச் சீராக வைத்து, பின்பிரேக்கை மட்டும் மெல்லத் தொட்டுக் குறையுங்கள். உங்கள் வண்டியில் பின்சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். இல்லை, எனவே அந்தப் பாதம் மென்மையாக இருக்க வேண்டும். ஈரமான சாலைக் குறியீடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், விரிசலை மூட ஊற்றிய பளபளப்பான தார்க்கோடுகள், நனைந்த இலைகள் ஆகியவற்றின் மேல் சாய்ந்தபடி பிரேக் பிடிக்காதீர்கள். தண்டவாளம் குறுக்கிட்டால் முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

பலமாக ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் அன்றே ரிம்மைச் சுற்றிக் கைவைத்துத் தடவிப் பாருங்கள். நெளிந்த ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் மெதுவாகக் காற்றை இழக்கும், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

மறுமொழி 4

எல்லாவற்றையும் மற்றவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். வண்டியைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். மின்சூடாக்கி பொருத்தும் முன் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். கைப்பிடிச் சூடாக்கிகள் 30 முதல் 40 வாட் வரை இழுக்கும், சூடேற்றும் உள்ஜாக்கெட் அதைப் போல இரு மடங்கு. சிறிய வண்டிகளின் மின்னாக்கியால் இரண்டையும் தாங்க முடியாமல் போகலாம், அதுவும் நெரிசலில் இயந்திரம் மெதுவாக ஓடும்போது பேட்டரிதான் காலியாகும். சாவியை அணைத்தால் தானும் அணையும்படி ரிலே வைத்து, தனி ஃபியூஸுடன் இணைக்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் நின்ற ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் குளிர்ந்த காலையில் செல்ஃப் ஸ்டார்ட் உங்களைக் கைவிடக்கூடும்.

இயந்திர எண்ணெயின் பெயரில் டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, எண்ணெய் குளிரில் எளிதாக ஓடும். கையேடு அனுமதிக்கும் எண் கொண்ட எண்ணெயையே போடுங்கள். காலையில் வண்டியை நிறுத்தி வைத்து நெடுநேரம் சூடேற்றத் தேவையில்லை, அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர்கள் நிதானமாக ஓட்டினாலே போதும். பனியை உருக்க உப்புத் தூவும் சாலையாக இருந்தால், திரும்பி வந்ததும் வெறும் நீரால் அலசி, காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

முகக்கண்ணாடியில் மூச்சு படிந்து மங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் இரட்டைத் தகடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று மங்கலைத் தடுத்துவிடும். அது இல்லாமல் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு 5 டிகிரியில் ஓட்டினால் கண்ணில் நீர் வழியும், பள்ளம் தெரியாது.

கேள்வி கேட்டவர்

எல்லோருடைய மறுமொழிகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இரண்டு டயர்களையும் மாற்றிவிட்டேன். ஹேண்டில்பார் உறையும் கழுத்துக் குழாயும் வாங்கினேன். மின்சூடாக்கி இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதற்குத் தேவையே ஏற்படவில்லை. முப்பது கிலோமீட்டர் முடியும் இடத்தில், உடைந்த சாலை தொடங்குவதற்கு முன், தினமும் வண்டியை நிறுத்திக் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்க்கிறேன். முதல் வாரத்தில் இரண்டு நாள் தொட முடியவில்லை. அந்த இரண்டு நாளும் கையை அக்குளில் வைத்துக்கொண்டு சாலையோரம் நடந்தேன். உறை மாட்டிய பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

பள்ளத்தின் விளிம்பில் பிரேக்கை விடுவதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை, அதனால் விடுமுறை நாளில் பகலில் சென்று ஒரே பள்ளத்தை இருபது முறை மெதுவான வேகத்தில் கடந்து பழகினேன். பத்தாவது முறைக்குப் பிறகு ஃபோர்க் நிமிர்வதைக் கையில் உணர முடிந்தது. நேற்று வெப்பமானி 1 டிகிரி காட்டியது, வானம் தெளிவாக இருந்தது. மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வெயில் ஏறிய பிறகு கிளம்பினேன்.